என் வாயில் வேறொருவர் குரல்

"வந்து ஒரு அரை மணி நேரம் கத்திட்டுப் போயிடுங்க, போதும்" என்றார் டைரக்டர். பல் பிடுங்குகிறவர்கூட அவ்வளவு சாதாரணமாகக் கூப்பிட மாட்டார்.

நான் அப்போது வேலையில் இருந்தேன். குடிநீர் வாரியத்தில் புகார் கேட்கும் பிரிவு. ஒரு காதில் ஆபீஸ் போன், இன்னொரு காதில் இவர். ஆபீஸ் போனில் இருந்தவர் குழாயில் புழு வருகிறது என்று என்னையும் என்னைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, இவரிடம் "எதுக்குக் கத்தணும்?" என்று கேட்டேன்.

எனக்குப் பேய் ஓட்டியதை இந்த டைரக்டர் ஆவணப்படமாக எடுத்திருந்தார். கத்தோலிக்கச் சபையில் ஆயரின் உத்தரவோடு நிஜமாக நடந்த பேயோட்டுதல், ஒரு துளிகூட நடிப்பில்லை என்பதுதான் அந்தப் படத்தின் பெருமையே. ஆனால் முக்கியமான கட்டத்தில் சத்தம் பதிவாகவில்லை. "எல்லாரும் முழந்தாளிடுங்கள்" என்று பாதர் சொன்னபோது, ஒலிப்பதிவு செய்ய வந்தவரும் பக்தியோடு முழந்தாளிட்டுவிட்டார். மைக்கின் ஒயர் அவர் முழங்காலுக்கு அடியில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. ஜெப நேரத்தில் ஹெட்போன் போட்டிருப்பது மரியாதை இல்லையென்று அதையும் கழற்றிவிட்டார். எல்லாம் முடிந்து எழுந்த பிறகுதான் ஒயர் தனியாகக் கிடந்ததைப் பார்த்தார்களாம்.

"காமிராவுலயே ஒரு மைக் இருக்குமே?"

"ஃபேன் சத்தம் விழுதுன்னு அதை நான்தான் அணைச்சு வச்சேன்" என்றார். நடுவில் மணி அடிக்கக் கூடாது என்று எங்கள் போன்களை வாங்கி வெளியே வைத்தவரும் அவர்தான். ஆக, பேய் வந்து, பேசி, போயும் விட்டது. சாட்சிக்கு ஒரு சத்தம்கூட மிச்சமில்லை.

"நிஜப் படம்னு சொல்றீங்க. இப்ப வந்து கத்தினா அது எப்படி நிஜமாகும்?"

"அன்னைக்கும் உங்க குரல், இன்னைக்கும் உங்க குரல். இதுல என்ன இருக்கு?"

"அன்னைக்கு அது என் குரல் இல்ல, பேயோட குரல்னுதானே எல்லாரும் சொன்னீங்க."

ஆபீஸ் போனில் புழுக்காரர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். கோபமாகக் கத்துகிறவர்களுக்கெல்லாம் பேய் பிடித்திருக்கிறது என்றால், எங்கள் ஆபீசுக்குத் தீர்த்தத்தை லாரியில்தான் அனுப்ப வேண்டும்.

எனக்கு எப்படிப் பேய் பிடித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு அவள் எல்லாரையும் போலத்தான் இருந்தாள். நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தாள், என் துணியை என்னைக் கேட்காமல் உடுத்தினாள், டிவியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள். எங்கள் அண்ணன் முதலில் ஜெபக்கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தான், பிறகு அவனே கூட்டம் நடத்த ஆரம்பித்தான். ஒருநாள் அக்கா தலையில் கைவைத்து, நீ குணமாகிவிட்டாய், இனி மாத்திரை போட்டால் கடவுளை நம்பவில்லை என்று அர்த்தம் என்றான். அக்கா தலையாட்டினாள். அவளுக்கு அண்ணன் என்றால் உயிர்.

கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் கூட்டத்துக்குக் கூட்டம் அவளை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைத்தான். பிறகு ஒரு மத்தியானம் அவள் குளிக்கப் போனாள். தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போனபோது குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அடக்கத்தில் அண்ணன், கடவுள் தமக்குப் பிரியமானவளை அழைத்துக்கொண்டார் என்று பேசினான். அன்றைக்கு எனக்குள் கிளம்பியது இன்றுவரை அடங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், "நீ கொன்னுட்ட" என்பேன். அவன் ஆபீசுக்குப் போன் போட்டு அதையே சொல்லிவிட்டு வைப்பேன். தட்டைத் தூக்கி எறிந்தேன். ஜெபக்கூட்டத்துக்குப் போய் அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, நடந்ததைச் சொன்னேன். பகல் முழுக்க ஊரார் கோபத்தை "சரிங்க சார்" என்று வாங்கிக்கொள்கிறவள் நான். என் கோபத்தை வாங்கிக்கொள்ள ஒரு பிரிவும் திறந்திருக்கவில்லை.

மைக்கைப் பிடுங்கிய அன்றுதான் அண்ணன் கூட்டத்தைப் பார்த்து அமைதியாகச் சொன்னான்: "இது என் தங்கச்சி பேசல."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் அழுதால் பேய் அழுகிறது, சிரித்தால் பேய் சிரிக்கிறது, பேசாமல் தூங்கினால் பேய் பதுங்கியிருக்கிறது. டாக்டர் சான்று வேண்டும் என்று பங்குக் கோயிலில் கேட்டார்கள். ஜெபக்கூட்டத்தில் ஒரு டாக்டர் இருந்தார், நான் அவரை ஒரு தரம்கூடப் பார்க்காமலே சான்று வந்தது. பெண்ணென்றால் பேயும் இரங்கும் என்பார்கள். பேயைப் பற்றி எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டு ஆண்பிள்ளை இரங்கவில்லை.

அம்மா என் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். "எனக்காக ஒரே ஒரு தடவை உட்காரு. அப்புறம் உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. பெற்றது மூன்று. ஒன்று செத்துவிட்டது. மிச்சம் இருக்கிற இரண்டில், ஒன்று கொலைகாரன், இல்லையென்றால் இன்னொன்றுக்குப் பேய். பேயை ஓட்டிவிடலாம், கொலையை எங்கே ஓட்டுவது? அதனால் அவள் பேயைத் தேர்ந்தெடுத்தாள். நானும் சரி என்றேன், அம்மாவுக்காக.

பேய் ஓட்ட வந்த பாதரை நான் குறை சொல்ல மாட்டேன். வயதானவர், வெளியூர்க்காரர். அவரிடம் என்ன சொன்னார்களோ அதை நம்பி வந்தார். எங்கள் வீட்டு முன்னறையில் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, ஜெபக்கூட்டத்து ஆட்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். தீர்த்தம் தெளித்தார்கள். பாதர் புத்தகத்தைப் பார்த்து, உன் பெயரைச் சொல் என்று எனக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்டதைக் கேட்டார்.

நான் பதில் சொன்னேன். அது எனக்கு நினைவிருக்கிறது, இல்லை, நினைவிருந்தது. முடிந்ததும் எல்லாரும் சொன்னது வேறு. ஆண்குரலில், புரியாத பாஷையில் உறுமினேனாம். அண்ணன் அதை லத்தீன் என்றான், கையைப் பிடித்தவர்களில் ஒருவர் எபிரேயம் என்றார். எனக்கு இங்கிலீஷே தடுமாறும். சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் மாதக்கணக்கில் அதையே சொன்னால், பேசியவளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. நிஜமாகவே பேசினேனா, பேசியதாக நினைத்துக்கொண்டேனா? ராத்திரி படுத்தால் இந்தக் கேள்விதான். பேயைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டைரக்டர் கூப்பிட்டதற்குச் சரி என்றது அதனால்தான். கத்துவதற்காக நான் போகவில்லை. என் வாயை நான் ஒரு தரம் பார்க்க வேண்டும்.

டப்பிங் ஸ்டூடியோ ஒரு டயர்க் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. நடுவில் ஒரு மைக், எதிரே திரை, பக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு அறை. அங்கே கருவிகளோடு ஒரு பெண்ணும் டைரக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அறையில் இருந்தவர்களின் ஜெபச் சத்தமும் வேண்டுமாம், அதனால் அண்ணனும் அம்மாவும் வந்திருந்தார்கள். பழைய ஒலிப்பதிவுக்காரரும் இருந்தார். யூனிட்டில் இப்போது அவருக்குப் பெயர் முழங்கால். "முழங்கால், டீ எடுத்துட்டு வா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

டீ கொடுக்க வந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு நான் பேசினது உங்க காதுல விழுந்துச்சா?"

"சத்தியமாத் தெரியாதும்மா. நான் கண்ண மூடி எங்க வீட்டுக்கடன் அடையணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்" என்றார். அந்த அறையில் பொய் சொல்லாத மனிதர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

திரையில் நான் வந்தேன். முடி அவிழ்ந்து, முகமெல்லாம் தண்ணீர். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. சத்தமில்லாமல் பாதரின் வாய் அசைந்தது, பிறகு என் வாய் அசைந்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் கத்த வேண்டும். கத்தினேன்.

"வாய் மூடிட்டு மூடிட்டுத் திறக்குது. நீங்க ஒரே இழுப்பா இழுக்குறீங்க" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் சொன்னாள். மறுபடி ஓட்டினாள். விட்டுவிட்டு உறுமினேன். அதுவும் ஒட்டவில்லை. டைரக்டர், "நாய் குரைக்கிற மாதிரி பண்ணிப் பாருங்க" என்றார். குரைத்தும் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது.

அடுத்த முறை படம் ஓடியபோது நான் சத்தமே போடாமல் பார்த்தேன். திரையில் இருந்தவள் உறுமவில்லை. உறுமுகிறவளுக்கு நாக்கு அப்படிப் புரளாது, உதடு அப்படிக் குவிந்து விரியாது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தி, மூச்சு வாங்கி, விலாசம் சொல்கிறவர்கள் சொல்வது போலப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சொற்கள் எங்கேயும் போய்விடவில்லை. விளக்கு எரிந்ததும் அவள் வாயோடு சேர்ந்து என் வாயைத் திறந்தேன்.

ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயரைச் சொன்னேன். அப்பா பெயர், கதவு எண், தெரு. "குடிநீர் வாரியத்துல வேலை பாக்குறேன். எனக்கு ஒரு அக்கா இருந்தா. மாத்திரைய நிறுத்தச் சொன்னது இந்தா இருக்கானே, எங்க அண்ணன். எனக்குள்ள வேற யாரும் இல்ல பாதர். நான் மட்டும்தான் இருக்கேன்."

கடைசிச் சொல்லோடு திரையில் என் வாயும் மூடியது. ஒரு இடம்கூடப் பிசகவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் கருவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் மைக்குக்கு முன்னால் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். எனக்குப் பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை.

முதலில் வாயைத் திறந்தவன் அண்ணன். "அது தன் பேர மறைக்கத்தான் இவ பேரச் சொல்லுது. சாத்தான் பொய்யனாச்சே."

"வீட்டு விலாசம்கூட அதுதான் சொல்லுச்சா? அப்ப மாசாமாசம் என் சம்பளத்தையும் அதுவேதான் வாங்கிக்குதா?"

டைரக்டர் உள்ளே வந்து என்னைச் சமாதானப்படுத்தினார். நன்றாகத்தான் இருக்கிறதாம், ஆனால் இந்தப் படம் அதைப் பற்றி இல்லையாம். குடும்பப் பிரச்சினையைப் பார்க்க யார் வருவார்கள் என்றார். "நீங்க சும்மா கத்துங்க. மத்ததை நாங்க கொஞ்சம் இருட்டாக்கி, வாய் தெரியாம சரி பண்ணிக்கிறோம்."

"இருட்டாக்கினா நிஜம் நல்லாத் தெரியுமா?" என்றேன். "என் வாய்ல இருந்து இனிமே உங்களுக்கு ஒரு சத்தமும் கிடையாது."

"வேற ஆள வச்சுப் பண்ணிக்கிறேன்."

"பண்ணிக்குங்க. அந்த இடம் வரும்போது நானும் அங்க இருப்பேன்."

அம்மாவை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஆமென் சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். முதல் தரத்திலேயே சரியாக வந்துவிட்டது என்று டைரக்டர் பாராட்டினார். அந்த நிமிஷம் பெற்றவள் என்றும் பார்க்காமல் அவளை வெறுத்தேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கத்திட்டு வந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றாள்.

"யாருக்கும்மா முடிஞ்சிருக்கும்?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு போட்டாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டு இருட்டாக்கியிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பின்னால் பலர் நின்றார்கள். பேய் ஓட்டிய பாதர் வரவில்லை, அவர் அதற்குள் வேறெங்கோ மாற்றலாகிப் போயிருந்தார். அண்ணன் முன்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தான். வருகிறவர்கள் அவன் கையைப் பிடித்து, உங்கள் விசுவாசம் பெரிது என்றார்கள். நான் நடுவரிசையில் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

படத்தில் அக்காவும் வந்தாள். ஒரு போட்டோவாக, சிரித்தபடி. கீழே "திடீர் மரணம்" என்று எழுதியிருந்தார்கள். பிறகு எங்கள் வீட்டு முன்னறை, நாற்காலி, என் இரண்டு பக்கமும் ஆட்கள். பாதர் கேட்டார், உன் பெயரைச் சொல். அந்தக் குரல்கூட அவருடையது இல்லை.

என் வாயிலிருந்து ஒரு கிழட்டுக் கரடி உறுமியது. எவனோ ஒருவன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு சம்பாதித்திருக்கிறான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சொன்னபடி இருட்டாக்கியிருந்தார்கள், ஆனால் உதடு தெரிந்தது.

எழுந்து நின்றேன். கத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், மறுபடி நாற்காலி, மறுபடி தீர்த்தம். அதனால் கத்தவில்லை. ஆபீசில் பேசுகிற குரலில், பின்வரிசை வரை கேட்கிற மாதிரி, திரையில் இருந்தவளோடு சேர்ந்து பேசினேன். என் பெயர், அப்பா பெயர், கதவு எண். தலைகள் என் பக்கம் திரும்பின, திரைக்குப் போயின, மறுபடி என் பக்கம் வந்தன. கரடி ஒரு பக்கம் உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வாய் யாருடைய சொல்லுக்கு அசைகிறது என்பது அங்கே கண் உள்ள எல்லாருக்கும் தெரிந்தது. "நான் மட்டும்தான் இருக்கேன்" என்று முடித்தேன். உட்காரவில்லை.

யாரோ விளக்கைப் போட்டார்கள். அண்ணன் எழுந்துவிட்டான். "பாத்தீங்களா? இன்னும் போகல. சபை நடுவுலயே வந்து பேசுது. பிடிங்க அவள."

அதே இரண்டு பேர்தான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். "பிடிங்க. போன தடவையும் கையத்தான் பிடிச்சீங்க. வாய் நின்னுச்சா?"

ஒருவர் தயங்கினார். இன்னொருவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அப்போதுதான், "அவளத் தொடாத" என்று முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மா. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. நாற்காலிகளுக்கு நடுவில் இடித்துக்கொண்டு வந்து அந்த ஆளின் கையைத் தட்டிவிட்டாள்.

"அம்மா, உட்காருங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் அண்ணன்.

"எனக்குத்தான்டா தெரியும். பெரியவள மாத்திரைய நிறுத்தச் சொன்ன நீ. அவ நிறுத்தல." அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. "உனக்குத் தெரியாம மாத்திரைய அலமாரியில துணிக்கு அடியில ஒளிச்சு வச்சுப் போட்டுக்கிட்டு இருந்தா. கொஞ்ச நாள் நல்லா இருந்தால்ல, நீ மேடையில ஏத்திக் காட்டினியே, அது மாத்திரையாலதான்டா. நான்தான் கண்டுபிடிச்சு எடுத்தேன். உன் பேரு கெட்டுடும்னு அத்தனையும் சாக்கடையில கொட்டினேன். கொட்டாதம்மான்னு என் கையப் பிடிச்சா. அப்பவும் கொட்டினேன்."

இத்தனை மாதமும் அவள் மகனைக் காப்பாற்றுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மா அந்த இரண்டு பேருக்கும் முன்னால் தன் கைகளை நீட்டினாள். "பேய் ஓட்டணும்னா என்னப் பிடிங்க. அவகிட்ட ஒண்ணும் இல்ல. அவ அன்னைக்கும் நிஜத்தத்தான் பேசினா, நான் பக்கத்துலயே இருந்து கேட்டேன்."

அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லித் தலையசைத்தான். அது பழக்கம், வேறொன்றும் அவனுக்குத் தெரியாது. ஒருவர் அம்மாவின் தோளைத் தொட வந்தார்.

அந்த இடத்தில் நான் அம்மாவை மன்னித்தேன் என்று சொன்னால் அது பொய். இன்றுவரை மன்னிக்கவில்லை. அக்கா அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியதை நினைத்தால் வயிறு எரிகிறது. வீட்டுக்குப் போனதும் அவளிடம் கேட்க வேண்டியது நிறைய இருந்தது, அவள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதை அவளிடம் கேட்க வேண்டியவள் நான். அவனோ அவன் ஆட்களோ இல்லை.

நான் குறுக்கே போய் நின்றேன். "இவங்களுக்கும் பேய் இல்ல" என்றேன். "இவங்க எங்க அம்மா. கைய எடுங்க."